வலையை எடுத்துவிட்டு அக்ரிலிக் பொருத்தினேன்: கூரை திறக்கும் காருக்கான காற்றுத் தடுப்பு

எனது இரண்டு இருக்கை காரில் பல ஆண்டுகளாக இருந்த வலைத் தடுப்பு தொய்ந்து, சட்டத்தின் ஒரு மூலையில் கிழியவும் தொடங்கியதால், வேறொரு நிறுவனத்தின் அக்ரிலிக் தடுப்பை வாங்கிப் பொருத்தி ஐந்து மாதங்கள் ஆகின்றன. காற்றைத் தடுக்கும் வேலையில் அதைக் குறைசொல்ல முடியாது. அதனுடன் வந்த கிளாம்ப்களைத்தான் குறைசொல்ல வேண்டியிருக்கிறது.

கூரையைத் திறந்து ஓட்டும்போது தொல்லை தருவது எதிர்க்காற்று என்றே முதலில் தோன்றும். உண்மையில், முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிச் செல்லும் காற்று இருக்கைகளுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த பகுதியை உண்டாக்குவதால், அங்கே சுழன்று, திரும்பி வந்து பிடரியில் அறைகிறது. 1989இல் அறிமுகமான மெர்சிடஸ் பென்ஸ் எஸ்எல் காரின் வலைத் தடுப்பும் இந்தத் திரும்பு காற்றுக்காகவே வந்தது. வலை காற்றை ஓரளவு கசியவிட்டு அதன் வீச்சைக் குறைக்கும். அக்ரிலிக் பலகையோ வழியை அடைத்துவிடும்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க விரும்பி, பக்கத்து இருக்கையின் தலைசாய்ப்பில் ஒரு சாண் நீளக் கம்பளி நூலை ஒட்டி, நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் அதையே கவனித்துக்கொண்டிருந்தேன். தடுப்பு இல்லாதபோது, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நூல் முன்கண்ணாடியை நோக்கி நீண்டு துடித்தது. பலகையைப் பொருத்திய பின், அதே சாலையில் அதே வேகத்தில், அது தொங்கியபடியே லேசாக நடுங்கியது. பேச்சுக்காகக் குரலை உயர்த்த வேண்டிய தேவையும் பெரும்பாலும் நின்றுவிட்டது.

பொருத்துவது கடினமல்ல, இருக்கைகளை முன்னால் தள்ளிவிட்டு, ஆலன் கீயைக் கொண்டு, கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பதற்காக இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பாதுகாப்பு வளையங்களில் நான்கு கிளாம்ப்களை மாட்ட எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆனால் திருகுகளை இறுக்குவதற்கு முன் கூரையை ஒருமுறை மெதுவாக மூடித் திறந்து பார்ப்பது அவசியம். என் காரில் கூரைச் சட்டத்தின் குறுக்குக் கம்பி பலகையின் மேல் விளிம்பை உரசியதால், அதை ஒரு விரற்கடை இறக்க வேண்டியிருந்தது. முரட்டுத்தனமாக இறுக்குவதும் ஆகாது: ஒரு மீட்டர் அகல அக்ரிலிக், வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விரியும், அந்த விரிவுக்கு இடமில்லையென்றால் திருகுத் துளையிலிருந்தே கீறல் விழும். இந்த எச்சரிக்கை பெட்டிக்குள் இருந்த கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

கிளாம்ப்களின் உட்புறத்தில் இருந்த ரப்பர் இரண்டாம் வாரமே நழுவிவிட, மேடுபள்ளங்களில் காதுக்குப் பின்னால் ஓயாத கிறுகிறு சத்தம். நிறுவனம் மாற்று ரப்பரை அனுப்பியது. அதுவும் அதே மெல்லிய ரகம். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

இரவில் இன்னொரு சங்கடம் உண்டு. பின்னால் வரும் லாரியின் விளக்கு பலகையிலும் பட்டுத் தெறிப்பதால், ரியர்வியூ மிரரில் ஒளி இரட்டையாகத் தெரிகிறது. வலையில் இது இருந்ததில்லை. துடைப்பதற்கு அம்மோனியாவோ ஆல்கஹாலோ கலந்த கண்ணாடித் திரவத்தைப் பயன்படுத்தினால் நுண்விரிசல்கள் படரும் என்பதால், சோப்பு நீரும் மென்மையான துணியும் மட்டுமே வைத்திருக்கிறேன்.

பகலில் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். இரவுப் பயணமே அதிகம் என்றால் நல்ல வலைத் தடுப்பே பொருத்தம். நானும் பழைய சட்டத்துக்குப் புதிய வலை கட்டி, இரவில் மாற்றிக்கொள்ள வைத்திருக்கிறேன்.