பருப்புத் தராசில் ஏறிய சைக்கிள்

முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் எனக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. கடையில் உள்ள மின்தராசு ஐந்து கிராம் வித்தியாசத்தையும் காட்டும். பருப்பும் சீனியும் நிறுக்கிற அந்தத் தட்டில் போன ஆறு மாதமாக ரயர், ரியூப், சீற், ஹான்டில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டன. சாமான் வாங்க வந்த ஒரு அக்கா, கழற்றி வைத்திருந்த, மிதி பூட்டும் கிராங்கைத் தூக்கிப் பார்த்து, "இது கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்னுடையது ஏழு வருடப் பழைய மவுண்டன் சைக்கிள். 27.5 அங்குலச் சில்லு, அலுமினிய பிரேம், முன்னுக்கு மூன்று பல்லுச்சக்கரம், பின்னுக்கு ஏழு. நெல்மூட்டை நிறுக்கும் தொங்குதராசில் மாட்டினால் 15.4 கிலோ. விடியப்புறம் குமுழமுனைப் பக்கம், நேரம் இருந்தால் தண்ணிமுறிப்புக் குளக்கட்டு வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றாப்பளைக்குப் போய் நந்திக்கடல் கரையோரமாக ஒரு சுற்று. வன்னியில் மலை எங்கே இருக்கிறது? ஏறவேண்டிய உயரம் என்றால் குளக்கட்டு ஒன்றுதான். அப்படியிருந்தும் பாரம் குறைக்கப் புறப்பட்டேன். இனி இதில் இறங்க நினைப்பவர்களுக்காக, எது காசுக்குத் தகுந்தது, எது தகாதது என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் முன் போர்க், அதாவது முன்சில்லைப் பிடித்திருக்கும் கவை. ஸ்பிரிங் வைத்த பழைய போர்க் மட்டும் 2,640 கிராம். அதன் ஸ்பிரிங் இறுகி வேலை செய்யாமல் விட்டு இரண்டு வருடம். சும்மா சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அசையாத அலுமினிய போர்க் ஒன்றை இணையத்தில் பார்த்து ஓடர் பண்ணினேன். "27.5க்குப் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். சில்லு பொருந்தியது உண்மை. ஆனால் போர்க் கட்டை. சைக்கிளின் மூக்கு ஆறு ஏழு சென்றிமீற்றர் கீழே போய்விட்டது. தார் றோட்டில் ஹான்டில் பதறியது, நந்திக்கடல் பக்க மணலில் முன்சில்லு புதைந்து நான் ஹான்டிலுக்கு மேலால் போய் விழுந்தேன். விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பார்க்கவேண்டியது சில்லின் அச்சில் இருந்து போர்க்கின் இரண்டு காலும் சேரும் தோள் வரை உள்ள நீளம். 100 மில்லிமீற்றர் அசைகிற ஸ்பிரிங் போர்க் ஆள் ஏறியவுடன் இரண்டு சென்றிமீற்றர் அளவில் தாழும், ஆகவே புதியது அவ்வளவு கட்டையாக இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. இரண்டாவது முறை அளந்து வாங்கினேன், 1,120 கிராம். ஒரே சாமானில் ஒன்றரைக் கிலோ போய்விட்டது. மொத்தச் செலவில் இதைவிடப் பிரயோசனமானது வேறில்லை. கிரவல் றோட்டில் மணிக்கட்டு கொஞ்சம் உளையும், ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் சமாளிக்கலாம்.

அடுத்தது கியர். முன்னுக்கு இருந்த மூன்று பல்லுச்சக்கரத்தில் நடுவில் உள்ளதைத் தவிர மற்றதை நான் தொட்டதாக ஞாபகமே இல்லை. அவை கிராங்கோடு றிவிற் அடித்தவை, தனியாகக் கழற்ற முடியாது. அதனால் கிராங்கையே மாற்றி, ஒரு பல் அகலம் ஒரு பல் ஒடுக்கமாக வரும் ஒற்றைச் சக்கரம் போட்டேன். அந்தப் பல்லமைப்புச் செயினைப் பிடித்துவைத்திருக்கும். செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளும் முன் டிரெயிலியர், அதன் லீவர், கேபிள் எல்லாம் பெட்டிக்குள் போயின. 765 கிராம் குறைவு. செயின் இதுவரை ஒரு தடவைகூடக் கழரவில்லை.

இரும்பு ஹான்டிலை அலுமினியத்துக்கு மாற்றியதில் 250 கிராம். ஆனால் ஹான்டிலைப் பிடித்திருக்கும் பழைய ஸ்டெம்மின் வாய் 25.4 மில்லிமீற்றர், புதிய ஹான்டில் 31.8. ஆக ஸ்டெம்முக்கும் காசு. சீற்றும் சீற் கம்பியும் சேர்த்து 420 கிராம். கம்பியின் விட்டத்தை அளந்த பிறகு வாங்குங்கள். நான் அளந்தேன், அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

இனி ரயரும் ரியூபும். உருளுகிற விளிம்பில் உள்ள பாரம் புறப்படும்போது இரட்டிப்பாகத் தெரியும். முன்னே போவதோடு சுழலவும் வேண்டுமல்லவா. கம்பி வைத்த ரயரைக் கழற்றி மடிக்கக்கூடிய ரயர் போட்டதில் இரண்டுக்கும் சேர்த்து 320 கிராம் போனது, வித்தியாசம் முதல் மிதியிலேயே தெரிந்தது. அந்த உற்சாகத்தில் ரி.பி.யூ. என்கிற மெல்லிய பிளாஸ்ரிக் ரியூபும் வாங்கினேன். சாதாரண ரப்பர் ரியூப் 195 கிராம், இது 50. ஒளி ஊடுருவும் செம்மஞ்சள் நிறம், மடித்தால் ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, பொலித்தீன் பைபோலச் சரசரக்கும். நிறுத்துப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்காம் நாள் குமுழமுனை றோட்டில் உடைமுள். தண்ணீரூற்றில் ஒட்டுப்போடும் ஐயாவிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் வழக்கம்போல அரத்தால் உரசி, சொலூசன் பூசி, ஊதிக் காயவைத்து, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினார். காற்றடித்ததும் அது தோல் உரிந்த மாதிரிக் கழன்று வந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். ரப்பர் சொலூசன் இந்தப் பிளாஸ்ரிக்கில் பிடிக்காது, அதற்கென்று வேறு ஒட்டு இருக்கிறது, அது இங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஐயா ரியூபை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இடம்பெயர்ந்து திரியேக்கை இரண்டு மூட்டை அரிசியும் மூண்டு பிள்ளையளும் ஏத்தின சைக்கிளுக்கெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கிறன். ஏத்துறதுக்குத்தானே சைக்கிள். நீர் இறக்கிக்கொண்டு திரியிறீர்" என்றார். காசு வாங்கவில்லை.

அன்றே ரப்பர் ரியூபைத் திரும்பப் போட்டேன். மற்ற ரி.பி.யூ. ரியூப் சீற்றுக்குக் கீழே பைக்குள், அவசரத்துக்கு. அந்த வேலைக்கு அருமையான சாமான்.

ஸ்ராண்ட்டையும் 330 கிராம் என்று கழற்றியிருந்தேன். இரண்டு கிழமை கடைச் சுவரில் சாய்த்து, மூன்று முறை விழுந்து, ஒரு முறை சோடாப் போத்தல் பெட்டியோடு விழுந்த பிறகு அதுவும் திரும்பி வந்தது.

ஆகக் குறைந்தபோது 11.5 கிலோ, இப்போது 12.1. மூன்றே கால் கிலோ மிச்சம். என் எடை 78. ஆளையும் சைக்கிளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு நாலு வீதம்கூட இல்லை. சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம், அதிலும் சோளகக் காற்று எதிரே அடித்தால் சைக்கிள் எத்தனை கிலோ என்பது அதற்குக் கவலையில்லை. தெரிவது மாடு மறித்து நின்று மறுபடி புறப்படும்போது, மணலில், குளக்கட்டில் ஏறும்போது. அப்புறம், பின்னேரம் கடைப் படியில் தூக்கி வைக்கும்போது.

இரும்பைவிடப் பாரம் குறைந்த தைத்தேனியம் ஆணிகள் பற்றிக் கேட்பீர்கள். முழு செற்றுக்கும் விலை பார்த்தேன், மிச்சமாவது 60 கிராம். அது என் தராசில் ஒரு பிடி பருப்பு. வாங்கவில்லை.

திரும்ப முதலில் இருந்து செய்வதென்றால் போர்க், ஒற்றைச் சக்கரக் கிராங்க், மடிக்கும் ரயர், இந்த மூன்றோடு நிறுத்திவிடுவேன். கட்டைப் போர்க்கைப் பழைய 26 அங்குலச் சைக்கிள் வைத்திருந்த ஒரு பெடியன் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போனான். அவனுடையதில் அது அச்சொட்டாகப் பொருந்தியது.