கோஹிமாவா, இம்பாலா? 1944 போர்க்களங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

நாகாலாந்தின் கோஹிமாவுக்கும் மணிப்பூரின் இம்பாலுக்கும் நடுவே சாலைவழியில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து கிளம்பிய ஜப்பானின் 15ஆவது படைக்கு இந்த இரண்டு ஊரும் ஒரே கணக்குதான். கோஹிமாவைப் பிடித்துச் சாலையை அறுத்துவிட்டால், இம்பால் சமவெளியில் இருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படை தானாக விழுந்துவிடும் என்று நினைத்தார்கள். விழவில்லை. ஜூன் 22 அன்று, வடக்கிலிருந்து வந்த படையும் தெற்கிலிருந்து வந்த படையும் 109ஆவது மைல் கல்லருகே சந்தித்தன. சாலை திறந்தது. ஜப்பானியர் ஏறக்குறைய 30,000 பேரை இழந்து திரும்பினார்கள். அதில் பெரும்பகுதி பசிக்கும் நோய்க்கும் பலி.

ஆக, போர் ஒன்றுதான். ஆனால் இன்று போய்ப் பார்க்கும்போது இரண்டு ஊரும் காட்டுவது ஒன்றல்ல. நாலைந்து நாள் லீவில் ஏதோ ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது? இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் கோஹிமா. இங்கே தேடி அலைய வேண்டியதே இல்லை. ஊரின் நடுவில், கேரிசன் ஹில் சரிவில் படிப்படியாக இறங்குகிறது போர்க் கல்லறைத் தோட்டம். 1,420 பேர் அங்கே அடக்கம். நிமிர்ந்த கல்லறைக் கற்கள் கிடையாது. தாழ்ந்த பீடத்தில் பதித்த வெண்கலப் பட்டயங்கள்தான். குனிந்தால்தான் பெயர் தெரியும்.

மேல் அடுக்கில்தான் அந்த டென்னிஸ் மைதானம். துணை ஆணையர் பங்களாவுக்குச் சொந்தமானது. பங்களா போரில் அழிந்துபோனது. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோடு வரை நான் நடந்து அளந்து பார்த்தேன். முப்பது காலடிக்குள் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை, நடுவே கையெறி குண்டு. வாரக்கணக்கில் இப்படியே இருந்திருக்கிறார்கள். மே 13 அன்று ஒரு டாங்கியை எப்படியோ அந்த அடுக்குக்கு இறக்கி, கிட்டத்திலிருந்து பதுங்குகுழிகளைச் சுட்டபிறகுதான் மைதானம் கைமாறியது. எத்தனை பக்கம் படித்தாலும் வராத ஒரு புரிதல் அந்த முப்பது காலடியில் எனக்கு வந்தது.

‘ஊர் திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற வாசகம் பிரிட்டிஷ் இரண்டாவது டிவிஷனின் நினைவுக்கல்லில் இருக்கிறது. எல்லோரும் வாசகத்தைப் படம் எடுக்கிறார்கள். கல்லையும் கொஞ்சம் பாருங்கள். நெடிதாக நிற்கும் அந்தப் பாறையை இழுத்து வந்தவர்கள் நாகர்கள். பெரும் கல்லை இழுத்து வந்து நட்டு நினைவு கூர்வது அங்காமி நாகர்களின் பழைய வழக்கம். நம் ஊர் நடுகல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

கோஹிமாவில் அதிகம் பேர் போகாத இடங்களும் உண்டு. கோஹிமா கிராமத்துக்குள் கேமரன் ஹைலேண்டர்ஸ் படையினரின் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1944இல் நின்றுபோன இடத்திலேயே ஒரு லீ கிராண்ட் டாங்கி இன்னும் கிடக்கிறது. அரதுரா குன்றின் மேல் உள்ள பேராலயத்துக்கு, இங்கே இறந்த ஜப்பானியரின் குடும்பத்தாரும் நிதி தந்திருக்கிறார்கள்.

சரி, கோஹிமாவின் குறை என்ன? அது ஒரு தரப்பின் கதை. கல்லறைத் தோட்டத்தில் ஜப்பானியர் இல்லை. இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் தகன நினைவிடத்தில் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களின் கால்கள் டென்னிஸ் மைதானத்தோடும் அந்த வாசகத்தோடும் நின்றுவிடுகின்றன. நான் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் தகன நினைவிடத்தின் முன்னால் நின்றவர்கள் மிகச் சிலர்.

இம்பால் நேர் எதிர். ஒரே பார்வையில் எதுவும் அகப்படாது. போர் சமவெளியைச் சுற்றியுள்ள குன்றுகளில் சிதறி நடந்தது. அதனால் நினைவிடங்களும் சிதறிக் கிடக்கின்றன. வண்டியும் விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லாமல் போனால் வெறும் வயலையும் மலையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும். நுங்ஷிகும் குன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இம்பாலின் முக்கிய விமானத்தளத்துக்கு மேலே அது எழுந்து நிற்கும். ஏப்ரல் 13 அன்று அந்தச் செங்குத்தில் டாங்கிகளை ஏற்றினார்கள். வழி பார்க்க அதிகாரிகள் தலையை வெளியே நீட்ட வேண்டியிருந்தது. டாங்கிப் பிரிவின் அதிகாரிகள் அத்தனை பேரும் இறந்தோ காயம்பட்டோ விழுந்தபின், ஒரு சார்ஜன்ட் மேஜர் பொறுப்பேற்று முடித்தார். இது தெரியாமல் பார்த்தால் அது வெறும் குன்று.

நகருக்குள் இரண்டு கல்லறைத் தோட்டங்கள். 1,600 பேர் அடக்கமான இம்பால் போர்க் கல்லறையைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். மற்றொன்று, இந்திய ராணுவத்தினருக்கானது. நீங்கள் வழி கேட்டாவது போக வேண்டியது அங்கேதான். ஜமேதார் அப்துல் ஹஃபீஸின் கல்லறை அங்கே இருக்கிறது. ஜாட் ரெஜிமென்டைச் சேர்ந்தவர். 1944 ஏப்ரல் 6 அன்று இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றின்மேல் ஏறி, காலில் குண்டு பட்ட பிறகும் எதிரியின் இயந்திரத் துப்பாக்கியைக் குழலோடு பிடித்து நிறுத்தியவர். அவர் இறந்தபின், பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

அப்புறம் தெற்கே திட்டிம் சாலை. பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் சிவப்புக் குன்று. உள்ளூரில் மைபாம் லோக்பாசிங் என்பார்கள். மே மாதக் கடைசியில் ஜப்பானியர் கடைசி வரை போராடிய இடம். 1994இல் ஜப்பான் அங்கே அமைதி நினைவுச்சின்னம் எழுப்பியது. 2019இல் அடிவாரத்தில் இம்பால் அமைதி அருங்காட்சியகம் திறந்தார்கள். மணிப்பூரிகள் இந்தப் போரை ‘ஜப்பான் லான்’, அதாவது ஜப்பான் போர் என்றே சொல்கிறார்கள். இரண்டு வெளிநாட்டுப் படைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர் ஜனங்களின் வாழ்க்கைக்கும் அந்த அருங்காட்சியகத்தில் இடம் இருக்கிறது.

அதே சாலையில் இன்னும் போனால் லோக்தாக் ஏரிக்கு அருகே மொய்ராங். 1944 ஏப்ரல் 14 அன்று கர்னல் ஷௌகத் அலி மாலிக், ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் கொடியை ஏற்றிய இடம். 1945இல் சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டி, பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துத் தள்ளிய தியாகிகள் நினைவுச்சின்னத்தின் மாதிரி இங்கே நிற்கிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் சேர்ந்த ராணுவம் அது. அந்தக் கல்லின் முன்னால் என்னால் வேகமாக நகர முடியவில்லை.

என் ஓட்டு இம்பாலுக்கு. ஹஃபீஸ் போரிட்டு இறந்த நாளுக்கும் மொய்ராங்கில் கொடி ஏறிய நாளுக்கும் இடையே எட்டே நாள். ஒரே சமவெளி, இரண்டு பக்கமும் இந்தியர்கள். இதைக் கோஹிமாவின் சரிவில் நின்று உணர முடியாது.

ஆனாலும் இப்போதைக்கு முதல் பயணம் கோஹிமாவாகவே இருக்கட்டும் என்பேன். 2023 மே முதல் மணிப்பூரில் நடந்த மோதல்களால் மாவட்டம் விட்டு மாவட்டம் போவதே சிரமமாகிவிட்டது. இரண்டு ஊரையும் சாலைவழியே இணைக்கும் திட்டத்தை நிலைமையை விசாரிக்காமல் போடாதீர்கள். கோஹிமாவுக்கு திமாப்பூர் வரை விமானமோ ரயிலோ உண்டு, அங்கிருந்து மலைச்சாலை. இம்பாலில் விமான நிலையம் நகரை ஒட்டியே இருக்கிறது. இரண்டு மாநிலத்துக்கும் இன்னர் லைன் பெர்மிட், அதாவது வெளிமாநிலத்தார் உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கோஹிமாவுக்கு ஒன்றரை நாள் போதும். டிசம்பரின் முதல் பத்து நாட்கள் ஹார்ன்பில் திருவிழா நேரம், அறை கிடைப்பது கஷ்டம். இம்பாலுக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள். அதில் ஒரு காலை முழுவதும் இந்திய ராணுவக் கல்லறைக்கு.