மனுவா, போனா, கிராம சபையா? எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் குறையைக் கொண்டுசேர்க்கும் வழிகள்

வழியைத் தேர்வதற்கு முன் ஆளைத் தேர வேண்டும். மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அதைப் பற்றி எம்.எல்.ஏ.விடம் மனுக் கொடுப்பது வீண் அலைச்சல். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால் எல்லாம் மத்திய அரசைச் சேர்ந்தவை. அவற்றுக்காக மக்களவையில் கேள்வி கேட்கக்கூடியவர் எம்.பி. அரசுப் பள்ளி, அரசு பஸ், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் என்றால் எம்.எல்.ஏ. தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சியின் வேலை.

போன், வாட்ஸ்அப் இரண்டும் சுலபம். பாலம் உடைந்தது, டிரான்ஸ்பார்மர் எரிந்தது போன்ற அவசரத்துக்கு அவையே சரி. ஆனால் உதவியாளர் "சொல்கிறேன்" என்றதோடு பேச்சு முடிந்துவிடும், கையில் எதுவும் மிஞ்சாது. சமூக ஊடகப் பதிவு ஊரார் கண்ணில் படும். அதைக் கோப்பில் ஏற்ற யாருக்கும் கடமை இல்லை.

என் ஓட்டு எழுத்து மனுவுக்குத்தான். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, தெருவின் பெயர், ஊரார் கையெழுத்து, இடத்தின் புகைப்படம். நகலில் தேதியுடன் ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. "எங்கள் ஊருக்கு நல்லது செய்யுங்கள்" என்று எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. பள்ளி வகுப்பறை, பஸ் நிழற்குடை, மேல்நிலைத் தொட்டி என்று அந்த நிதிக்குள் அடங்குவதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நேரில் கொடுப்பதா, தபாலா? எம்.எல்.ஏ. என்றால் நேரில். சட்டமன்றம் நடக்காத நாட்களில் தொகுதி அலுவலகத்தில் பார்த்துவிடலாம். தருமபுரி எம்.பி.யின் தொகுதியோ அரூரிலிருந்து சேலம் மாவட்டத்து மேட்டூர் வரை நீள்கிறது. அவரைத் தேடி அலைவதைவிட விரைவுத் தபாலும் மின்னஞ்சலும் மேல்.

மனுவுக்குப் பலம் சேர்ப்பது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தருமபுரி மாவட்டத்தில் அவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத ஊரில் மக்கள் வாய் திறக்கக் கிடைக்கும் மேடை கிராம சபைதான். அந்த நாட்களில் கூலி வேலைக்குப் போய்விடுகிறோமே என்பது என் ஆதங்கம். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, நகலை மனுவோடு இணையுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் 1100 உதவி எண்ணும் அதிகாரிகளிடம் போகும் வழிகள். அங்கே தரும் மனு எண்ணையும் எம்.எல்.ஏ. மனுவில் குறிப்பிட்டால், எந்தத் துறையில் கோப்பு நிற்கிறது என்று அவர் அலுவலகத்தால் உடனே கேட்க முடியும். போன் அதற்குப் பிறகு, மனுத் தேதியைச் சொல்லி நினைவூட்ட.