ஓட்டைக் குடமும் ஒரு வழிகாட்டியின் மௌனமும்

பெனின் நாட்டின் கொட்டோனூவிலிருந்து அபோமே அரண்மனை வளாகத்துக்கு ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்பும் தனியார் வழிகாட்டிச் சேவை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்தினேன். 1818 முதல் 1858 வரை, அபோமேயைத் தலைநகராகக் கொண்ட தஹோமி அரசை ஆண்ட கெசோ மன்னரின் வாழ்க்கையே இந்தச் சுற்றின் மையம் என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கினார்கள்.

பொருள்களை விளக்குவதில் எங்கள் வழிகாட்டிக்குக் குறை சொல்ல முடியாது. நான்கு மண்டையோடுகளின் மேல் நிற்கும் கெசோவின் அரியணை முன்னால் அவசரப்படுத்தாமல் எங்களை நிற்கவிட்டார். ஓட்டைக் குடத்தின் சின்னத்துக்கு வந்ததும், தன் தண்ணீர்ப் புட்டியை உயர்த்திப் பத்து விரல்களாலும் அதைப் பொத்திக் காட்டி, நாட்டின் பிள்ளைகள் அனைவரும் ஆளுக்கொரு ஓட்டையை அடைத்தால் நீர் ஒழுகாது என்று மன்னர் சொன்னதாக வழங்கும் சொல்லை விளக்கினார். அண்டை ஓயோ பேரரசுக்குக் கட்டிவந்த திறையை 1820-களில் கெசோ நிறுத்தியதையும், பெண் படையைப் பெருக்கியதையும் சுவையாகவே சொன்னார்.

ஆனால், கெசோ அரியணை ஏறிய கதையை ஒரே வரியில் கடந்துவிட்டார். முந்தைய மன்னர் அதாண்டோசானைக் கவிழ்க்க அவருக்குத் துணைநின்ற பிரான்சிஸ்கோ ஃபெலிக்ஸ் டி சோசா ஓர் அடிமை வணிகர் என்பதும், ஆட்சியின் வருவாயில் பெரும்பங்கு மனிதர்களை விற்றதிலிருந்து வந்தது என்பதும், பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையிட்ட பிறகே 1852-இல் அடிமை ஏற்றுமதியை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கெசோ கையெழுத்திட்டார் என்பதும் வழிகாட்டியின் வாயிலிருந்து வரவே இல்லை. நானாகக் கேட்டபோது, "பிறகு பனை எண்ணெய் வணிகம் வளர்ந்தது" என்று மட்டும் சொல்லி அடுத்த முற்றத்துக்கு நடந்தார்.

அதாண்டோசானைப் பற்றிய கேள்விக்குக் கிடைத்தது ஒரு புன்னகைதான். அரசர் வரிசையிலிருந்தே நீக்கப்பட்ட அந்த மனிதர் போர்த்துகீசிய இளவரசருக்கு அனுப்பிய அரியணை, ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்து 2018 தீயில் எரிந்துபோனது. நினைவை அழித்தவர்களுக்கு நெருப்பும் துணைபோனதுபோல் எனக்குப் பட்டது.

கடைசியாக, ஒட்டுத்துணிக் கலைஞர்களிடம் செலவிட எங்களுக்குக் கிடைத்தது இருபதே நிமிடங்கள். துணியில் எருமை உருவத்தை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தவரிடம் அது கெசோவின் சின்னம்தானா என்று கேட்டு முடிப்பதற்குள் ஓட்டுநர் ஒலிப்பானை அடித்துவிட்டார்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். முன்பதிவின்போதே அடிமை வணிகத்தைப் பற்றியும் பேசக்கூடிய வழிகாட்டி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.