மஸ்கி லூரில் எடை ஏற்றிப் பார்த்தேன்: மூன்று இலையுதிர் கால அனுபவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மில் லாக்ஸ் ஏரியில் மஸ்கி என்ற பெரிய மீனைப் பிடிக்கப் போகிறவன் நான். அக்டோபரில் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் இந்த வேட்டை மீன் மந்தமாகிவிடுகிறது. துரத்தி வராது, இரை கண்ணெதிரே அசையாமல் நின்றால்தான் அதற்கு ஆசை வரும். என்னிடம் இருப்பது சூயிக் என்ற வகையின் 9 அங்குல லூர்கள், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரைகள். மர உடல், வாலில் வளைக்கக்கூடிய உலோகத் தகடு. சுண்டி இழுத்தால் குனிந்து மூழ்கும், விட்டால் மேலே ஏறும். கோடையில் அந்த ஏற்றம்தான் மீனைக் கவர்கிறது. குளிரிலோ மீன் முடிவெடுப்பதற்குள் லூர் மேலே போய்விடுகிறது. எடை ஏற்றிய வகையும் கடையில் உண்டு. கையில் இருந்த பழையவற்றையே மாற்றிப் பார்க்க நினைத்தேன்.

முதல் ஆண்டு, முன்பக்க மும்முனை முள்ளின் தண்டில் ஈயக் கம்பி சுற்றினேன். ஐந்து நிமிட வேலை, கழற்றுவதும் எளிது. ஆனால் மாலையில் பார்த்தால் இரண்டு லூர்களில் கம்பியைக் காணோம். அது என்னை உறுத்தியது. லூன் பறவைகள் இரையை அரைப்பதற்காக ஏரியடியில் கூழாங்கல் பொறுக்கி விழுங்கும். ஈயத் துண்டும் அதனுடன் வயிற்றுக்குப் போனால் நஞ்சாகிவிடும். விடியலில் அந்தப் பறவையின் நீண்ட கூவலைக் கேட்டவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பி சுற்றுவதை அன்றோடு விட்டேன். ஒட்டும் ஈயப் பட்டைகளும் மஸ்கியின் பல்லுக்கு முன் நிற்கவில்லை.

அடுத்து, வயிற்றில் துளையிட்டு டங்ஸ்டன் உலோகக் குண்டை வைத்து எபாக்சிப் பசையால் அடைத்தேன். விலை கூடுதல்தான், ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் சிறிய துளை போதும். முதல் லூரில் நடு முள்ளுக்குப் பின்னால் துளையிட்டுக் கெடுத்தேன். வால் தொங்கி நின்றது, எவ்வளவு சுண்டினாலும் தலை குனியவில்லை. முன் முள்ளுக்கும் நடு முள்ளுக்கும் இடையில் வைத்த பிறகுதான் உடல் கிடையாக நின்றது. எவ்வளவு எடை என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதே பெரிது. துளைக்குள் மரத்தையும் எபாக்சியால் பூசுங்கள். நான் பூசாமல் விட்ட ஒன்றில் நீர் ஊறி, வயிறு உப்பி, வண்ணம் கீறல் விட்டது.

வீட்டுத் தொட்டியில் சோதிக்கும்போது முள்கள், லீடர் (நூலுக்கும் லூருக்கும் இடையில் வரும், பல் அறுக்காத இணைப்பு) எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். குளிர்ந்த நீரே ஊற்றுங்கள். 30 டிகிரி நீரைவிட 8 டிகிரி நீரின் அடர்த்தி கிட்டத்தட்ட 0.4 சதவீதம் அதிகம். 100 கிராம் லூருக்கு அது 0.4 கிராம் மிதப்பு. வெந்நீரில் அந்தரத்தில் நின்ற என் லூர் ஏரியில் மெல்ல மேலே ஏறியது. இப்போது அப்படி மெல்ல ஏறுவதையே விரும்புகிறேன். முழுவதும் மூழ்குமளவு ஏற்றிய ஒன்று பக்கவாட்டில் ஆடாமல் கட்டைபோல வந்தது.

குறை, தோள்வலி. கூட ஏற்றியது 12 கிராம்தானே என்று தோன்றும். நாள் முழுக்க வீசியபின் தெரியும். எதிர்காற்றில் மட்டும் அந்த எடை நன்றாகக் கைகொடுக்கிறது.

சென்ற அக்டோபர் இறுதியில், பொழுது சாயும் நேரம், இழுத்து நிறுத்தி ஐந்து வரை எண்ணினேன். கையில் அதிர்வே இல்லை. நூல் மட்டும் இடப்பக்கம் நகர்ந்தது. 46 அங்குல மீன். வலைக்குள் நீரிலேயே வைத்து முள்ளை எடுத்து விட்டுவிட்டேன். முன்னால் வைத்த டங்ஸ்டன் அடைப்பின் மேல் நான்கு பல்தடங்கள் இருந்தன, எபாக்சி பெயரவில்லை.