ஸ்டெயர் எல்பி10: குறி சிதறினால் எங்கே தேடுவது, டிரிகரில் எதைத் தொடலாம்

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று யோசிக்க ஆரம்பிக்கிறவர்களிடம் கோச்சுகள் சொல்லும் பெயர்களில் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் எல்பி10 தவறாமல் வரும். 4.5 மி.மீ. துளை, 200 பார் சிலிண்டர், சுடும் நொடியில் துள்ளலைத் தணிக்க உள்ளே நகரும் ஸ்டெபிலைசர், எல்லாப் பக்கமும் திருப்பி வைக்கக்கூடிய மெக்கானிக்கல் டிரிகர். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: அருமையான பிஸ்டல், கொடுக்கிற காசுக்குத் தகும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே உங்கள் கைக்கு அமைந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். "பழைய கிளப் பிஸ்டலில் 550 அடித்தேன், புதுசில் 535 தாண்டவில்லை" என்ற புலம்பல் ரேஞ்சில் சகஜம். அதில் பெரும்பங்கு பேரலில் இல்லை. ஸ்க்ரூக்களைத் திருகும் ஆலன் கீயில் இருக்கிறது.

எதையும் திருகுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் (சிறு ஈயக் குண்டின்) ஓரம் தொட்டாலே புள்ளி கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10. அடுத்த ஒவ்வொரு வளையமும் இன்னும் 8 மி.மீ. தள்ளி. எலக்ட்ரானிக் டார்கெட்டில் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. சரியான பெல்லட்டோடு வைஸில் (மேசையில் பொருத்தும் பிடிப்பானில்) பிடித்துச் சுட்டால் இந்த வகைப் பிஸ்டல் 10 குண்டுகளை மையத்துக்கு மையம் 3 முதல் 4 மி.மீ.க்குள் போடும். அதாவது பிஸ்டலின் சொந்தச் சிதறல் மட்டும் உங்களை 10-இலிருந்து வெளியே தள்ளாது. அடிக்கடி 8 விழுகிறது என்றால் காரணம் வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் எவ்வளவு சிறியது என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. குறி பார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 32 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். டிரிகரை இழுக்கும்போது முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்குள் 0.1 மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டில் 3 மி.மீ. விலகல். அரை மி.மீ. நகர்ந்தால் 15 மி.மீ.க்கு மேல், 9-இன் கடைசி விளிம்பு. இதுவே சைட் இரண்டும் நேராக இருந்து, கை முழுவதுமாக 5 மி.மீ. பக்கவாட்டில் ஆடினால் டார்கெட்டிலும் அதே 5 மி.மீ.தான், இன்னும் 10-க்குள்ளேயே இருப்பீர்கள். எனவே பிரச்சினையைத் தேடும்போது டிரிகர், கிரிப், சைட் ஸ்க்ரூ இந்த மூன்றும்தான் முதலில்.

சைட்டிலிருந்து தொடங்குவோம், அது சீக்கிரம் முடியும் வேலை. முன் சைட்டின் ஸ்க்ரூ, பின் சைட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ, கிரிப் ஸ்க்ரூ மூன்றையும் சரியான அளவு ஆலன் கீயால் சோதியுங்கள். பின் சைட்டை விரலால் மெல்ல அசைத்தால் ஆடக்கூடாது. மரக் கிரிப் நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கொஞ்சம் உப்பும், ஏசி ரேஞ்சில் சுருங்கும். அதனால் முதல் மாதம் கிரிப் ஸ்க்ரூவை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. பின் சைட்டை நகர்த்தும் ஸ்க்ரூவின் கிளிக் திசையிலும் ஒரு வலை உண்டு: ஜெர்மன் வழக்கத்தில் எச் என்று குறித்திருந்தால் "குண்டு மேலே போனால் இந்தப் பக்கம் திருப்பு" என்று பொருள். மேலே ஏற்ற நினைத்து அதைத் திருப்பினால் இன்னும் கீழே இறங்கும். குறியை நம்பாமல் ஐந்து குண்டு சுட்டு, 10 கிளிக் திருப்பி, மறுபடி ஐந்து சுட்டு, விலகலை அளந்து 10-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிக் எத்தனை மி.மீ. என்பது தெரிந்துவிட்டால் போட்டியில் தடுமாற்றம் இருக்காது.

அடுத்தது பெல்லட். எந்தப் பெல்லட் நல்லது என்று கேட்டால் உங்கள் பேரல்தான் பதில் சொல்ல வேண்டும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச் எல்லாமே தரமானவை. ஆனால் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று மாறும், எடையும் 0.45 கிராமிலிருந்து 0.53 கிராம் வரை போகும். கிரிப்பைக் கழற்றி, ஃபிரேமை மட்டும் மென்மையான தாடை கொண்ட வைஸில் பிடித்து, ஒவ்வொரு வகைக்கும் 10 குண்டுகள் கொண்ட குரூப் (ஒரே குறியில் தொடர்ந்து சுட்ட துளைக் கூட்டம்) குறைந்தது மூன்று சுடுங்கள். பேரலையோ சிலிண்டரையோ இறுக்கக் கூடாது. பேரலில் அழுத்தம் விழுந்தால் குரூப்பே நகர்ந்துவிடும். ஐந்து குண்டில் அழகான ஒற்றைத் துளை தெரிந்து மயங்க வேண்டாம், ஐந்து மிகவும் குறைவு. நன்றாக வந்த வகையில் அதே பேட்ச் எண் கொண்ட டப்பாக்களை மொத்தமாக வாங்கி வையுங்கள். பின்விளிம்பு நசுங்கிய பெல்லட் ஒன்றே போதும், காரணமே இல்லாமல் ஒரு 8 வர. பெல்லட்டை விரலால் நேராக உட்காரவைத்து லிவரை மூடுங்கள். சாய்ந்து உட்கார்ந்த பெல்லட்டை லிவர் தள்ளும்போது ஓரம் வெட்டுப்படும்.

குரூப் மேலும் கீழுமாக நீண்டால் எல்லோரும் உடனே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைக் குற்றம் சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரில் சுமார் 22 மி.மீ. இறங்கும், 140 ஆகக் குறைந்தால் 25 மி.மீ. ஆக, வேகம் 10 மீட்டர் குறைந்தாலும் டார்கெட்டில் வித்தியாசம் 3 மி.மீ. சொச்சம்தான், அரைப் புள்ளிகூட இல்லை. நல்ல நிலையில் உள்ள பிஸ்டலில் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃபில் 10 குண்டு ஓட்டினால் உச்சத்துக்கும் அடிக்கும் 4, 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 15, 20 என்று குதித்தால்தான் ரெகுலேட்டர் அல்லது சீல் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் சிலிண்டர் மானியைப் பாருங்கள்: முள் சிவப்பை நெருங்கிவிட்டால் கடைசிக் குண்டுகள் வரிசையாகக் கீழே இறங்கும். க்ரோனோவில் வேகம் சீராக இருந்தும் குரூப் செங்குத்தாக நீள்கிறது என்றால் மணிக்கட்டு தளர்வதும், சுட்ட பின் உடனே கையை இறக்குவதும்தான் சந்தேகத்துக்குரியவை.

சிலிண்டரைக் கையால்தான் திருகி மாட்ட வேண்டும், ஸ்பானர் கூடவே கூடாது. மாட்டியதும் புஸ் என்று சத்தம் தொடர்ந்தால் ஓ-ரிங்கில் மணலோ கீறலோ இருக்கும்; சிலிகான் கிரீஸ் ஒரு துளி மட்டும். காற்று வழியில் எஞ்சின் ஆயில், டபிள்யூடி-40 போன்றவை படவே கூடாது. உயர் அழுத்தத்தில் எண்ணெய் ஆவி தீப்பிடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது உயிருக்கு ஆபத்து. டைவிங் சிலிண்டரின் உலர்ந்த காற்றே உத்தமம். கைப்பம்பில் அடித்தால் ஈரம் உள்ளே போய்ச் சீல்களையும் ரெகுலேட்டரையும் அரிக்கும். மெதுவாக நிரப்புங்கள்; வேகமாக ஏற்றினால் சூடேறி மானி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். காலாவதியாகாத சிலிண்டரோடு வருவது போட்டியாளரின் பொறுப்பு என்பது சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதி.

இனி டிரிகர். எல்பி10-இன் பலமும் இதுதான், புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (டிரிகர் லேசாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டும் வரை) எடை, செகண்ட் ஸ்டேஜ் (அந்தச் சுவரிலிருந்து சுடும் வரை) எடை, சியர் (சுடும் வரை பிடித்து வைத்திருக்கும் கொக்கி) பிடிப்பு, டிரிகர் ஸ்டாப் (சுட்ட பின் டிரிகர் மேலே போகாமல் தடுப்பது), ஷூவின் (விரல் படும் பகுதியின்) இடமும் சாய்வும் என்று ஐந்தாறு ஸ்க்ரூக்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றொன்றின் விளைவும் மாறும். கையேட்டில் எந்த ஸ்க்ரூ எது என்று படத்தோடு இருக்கும். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவின் ஆரம்ப நிலையையும் மார்க்கரால் கோடிட்டு போன் கேமராவில் பிடித்து வையுங்கள். பெல்லட் இல்லை என்பதை இருமுறை பாருங்கள், குழல் எப்போதும் டார்கெட் பக்கம்.

வரிசை முக்கியம். முதலில் டிரிகர் ஸ்டாப்பை நன்றாகத் தளர்த்தி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற அளவெல்லாம் பொய் சொல்லும். அடுத்து சியர் பிடிப்பு. பிடிப்பு அதிகமானால் செகண்ட் ஸ்டேஜில் டிரிகர் தேய்ந்து தேய்ந்து நகர்வது விரலில் தெரியும். குறைந்தால் கண்ணாடி உடைவதுபோல் சுத்தமாக விடும், அதுதான் ஆசை காட்டும். அந்த ஆசையில் இன்னும் கால் சுற்று திருப்பியவர்களின் பிஸ்டல்தான் லிவரை மூடும்போதே வெடிக்கும், அல்லது காக் ஆகாமல் (சுடத் தயாராகப் பூட்டிக்கொள்ளாமல்) நழுவும். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் காக் செய்து, கிரிப்பை உள்ளங்கையால் நாலைந்து முறை தட்டிப் பாருங்கள். ஒருமுறை விட்டுவிட்டாலும் பிடிப்பு போதாது, திரும்பிப் போங்கள்.

பிறகு எடை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம் என்பது விதி. இதை இரண்டு ஸ்டேஜுக்கும் பங்கிடலாம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு 350 முதல் 400, மீதி செகண்ட் ஸ்டேஜுக்கு என்பது பரவலான அமைப்பு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மிக லேசாக இருந்தால் விரலுக்குச் சுவர் எங்கே என்று தெரியாது, செகண்ட் ஸ்டேஜில் திடீரென்று பளு வந்து இழுப்பு வெட்டும். எடையை முடித்த பிறகே ஸ்டாப்பைக் கிட்டே கொண்டுவாருங்கள்: பிஸ்டல் விடாமல் நிற்கும் புள்ளி வரை மெல்லத் திருகி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால். ஒட்டி வைத்தால் இன்று சுடும், நாளை தூசி படிந்ததும் பாதியில் நிற்கும். "சில சமயம் டிரிகர் இழுத்தும் சுடவில்லை" என்பவர்களில் பலருக்கு இதுதான் நோய்.

போட்டிக்கு முன் கருவிகளைச் சோதிக்கும் எக்யூப்மென்ட் கன்ட்ரோலில் என்ன நடக்கும் என்று தெரிந்து அதையே வீட்டில் செய்யுங்கள். குழல் செங்குத்தாக, எடை டிரிகரின் நடுவில் தொங்க, தட்டையான பரப்பிலிருந்து முழுவதும் தூக்க வேண்டும். சிலிண்டர் காற்றோடு இருக்க வேண்டும், பிஸ்டல் காக் ஆகியிருக்க வேண்டும். அதிகபட்சம் மூன்று முயற்சி. தூக்காவிட்டால் சரிசெய்து திரும்பக் கொண்டுவர வேண்டும். ஷூவைக் கீழே தள்ளினால் நெம்புகோல் நீண்டு, உணரும் எடை குறையும். 500-ஐத் தொட்டு நின்றது 490 ஆகிவிடும். ஷூவை முதலில் விரலுக்கு ஏற்ப வைத்து முடித்துவிட்டு, 510 முதல் 520 கிராம் தூக்கும்படி விடுவதே புத்திசாலித்தனம். அந்தப் பத்து இருபது கிராம் விரலுக்குத் தெரியாது.

ஷூ விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். விரலின் முதல் பகுதியின் நடுச்சதை படும்படியும், இழுப்பு பேரலுக்கு நேர்கோட்டில் பின்னோக்கிப் போகும்படியும் அமைய வேண்டும். மூட்டு மடிப்பு பட்டால் வலதுகைக்காரர்களின் குண்டு பக்கவாட்டில் நழுவும். கீழ் இடதில் கும்பல் கும்பலாக விழுந்தால் விரலோடு சேர்த்து முழுக் கையும் இறுகுகிறது என்று பொருள். அதற்கு கிளிக் திருப்பிப் பயனில்லை. டிரை ஃபயர் செய்து (பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுத்து) முன் சைட்டை மட்டும் பாருங்கள். விடும் நொடியில் அது துடித்தால் திருத்த வேண்டியது அங்கேதான்.

எலக்ட்ரானிக் டிரிகர் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. விடுகை சுத்தம், எடை நிலையானது, உண்மைதான். ஆனால் 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் கோளாறாகி நேரம் பறிபோனது. 575 எடுத்து இரண்டு புள்ளியில் ஃபைனலைத் தவறவிட்டார். எந்த இயந்திரமும் நிற்கலாம். உதிரிப் பாகமும் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் கைக்கெட்டிய தூரத்தில் இல்லாத ஊர்களில், ஆலன் கீயால் சரிசெய்ய முடிகிற மெக்கானிக்கல் எல்பி10-ஐத்தான் எங்கள் தேர்வாகச் சொல்வோம்.

பேரலைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டாம். மீன்பிடி நைலான் இழையில் சிறு துணி கட்டி, பின்பக்கத்திலிருந்து குழல் வாய்க்கு இழுங்கள். அதன் பின் 10, 15 குண்டு ஓடிய பிறகே குரூப் பழைய இடத்துக்கு வரும், போட்டி நாளன்று காலையில் இதைச் செய்யாதீர்கள். ரெகுலேட்டரையும் ஸ்டெபிலைசரையும் நீங்களாகத் திறக்கக் கூடாது. சர்வீஸுக்கு அனுப்பும் நிலை வந்தால் "குறி தவறுகிறது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. வைஸில் சுட்ட டார்கெட் தாள்கள், 20 குண்டின் க்ரோனோ எண்கள் வரிசைப்படி, அப்போதைய சிலிண்டர் அழுத்தம், பெல்லட் பேட்ச் எண் இவற்றைச் சேர்த்து, சிலிண்டரைக் காலி செய்து தனியாகக் கட்டி அனுப்புங்கள்.