ஜாக் ரஸ்ஸலா டாஷ்ஹண்டா? நாங்க ஏன் ஜாக் ரஸ்ஸல் எடுத்தோம்

பொள்ளாச்சி பக்கம் தோப்புக்குள்ள வீடு கட்டி வந்த நாள்ல இருந்தே பெருச்சாளி தொல்லைதான், தேங்கா மட்டை குவியலுக்கு அடியில வளை போட்டு மோட்டார் ரூம் வயர் வரைக்கும் கடிச்சு வெச்சிருச்சு. விஷம் வைக்க மனசு வரல, சரி எலி புடிக்கிற சின்ன நாயா ஒண்ணு வளக்கலாம்னு பாத்தப்போ ரெண்டுதான் மனசுல நின்னுச்சு, ஜாக் ரஸ்ஸல் இல்லனா டாஷ்ஹண்ட். அம்மா வீட்டுல டாஷ்ஹண்ட் பன்னெண்டு வருஷம் இருந்துச்சு, நான் அது கூடவே வளந்தவன். இருந்தும் எடுத்தது ஜாக் ரஸ்ஸல், இப்ப அதுக்கு நாலு வயசு.

சாப்பாட்டு செலவு, குளிப்பாட்டுறது எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முடி கொட்டுறதுல ஜாக் ரஸ்ஸல் மோசம், வெள்ளை முடி சோபா பூரா குத்திக்கிட்டு நிக்கும். குரைப்பு ரெண்டுக்கும் ஜாஸ்தி, டாஷ்ஹண்டோடது அந்த சைஸுக்கு நம்பவே முடியாத கனத்த குரல்.

ரெண்டுமே வளைக்குள்ள போறதுக்குன்னு உருவாக்கின நாய்ங்க. ஜெர்மன்ல டாக்ஸ்னா பேட்ஜர், ஹுண்ட்னா நாய், அவ்வளவுதான் அந்த பேருக்கு அர்த்தம். பேட்ஜர் மண்ண நோண்டி உள்ள இருக்குற மிருகம், அத வளைக்குள்ளயே போயி எதிர்த்து நிக்கணும்னா குட்டை காலும் நீள உடம்பும் வேணும். ஜாக் ரஸ்ஸல் வந்தது இங்கிலாந்துல டெவன் பக்கம் இருந்த ஜான் ரஸ்ஸல்ங்கிற பாதிரியார் கிட்ட இருந்து, 1819ல ஆக்ஸ்ஃபோர்டுல படிக்கும்போது ஒரு பால்காரர் கிட்ட ட்ரம்ப்னு ஒரு பெண் நாய வாங்கினாரு, அதுல இருந்து வந்த வம்சம். நரி வேட்டையில அவரு நாய்ங்களுக்கு நரிய கொல்றது வேலை இல்ல, வளைக்குள்ள போயி குரைச்சு குரைச்சு வெளிய துரத்தணும், மிச்சத்த வெளிய நிக்கிற பெரிய நாய்ங்க பாத்துக்கும். அதனாலதான் இது எதுக்கெடுத்தாலும் முதல்ல வாய திறக்குது, கடிக்கிறது அப்புறம்தான்.

வீட்டுக்குள்ள இந்த புத்தி எப்படி தெரியும்னு கேட்டா, எங்களுது சாயங்காலம் ட்யூப்லைட் போட்டதும் அடியில போயி உக்காந்துக்கும், பல்லி வர்ற வரைக்கும் அசையாது, முன்னங்கால் ஒண்ணு தூக்கினபடியே இருக்கும், உடம்பு மட்டும் நடுங்கும். குளிர்னு நெனச்சு என் வீட்டுக்காரம்மா துண்டு போத்தி விட்டாங்க, அது குளிர் இல்ல, ஆர்வம். சில சமயம் வெறும் சுவத்தப் பாத்து தலைய சாய்ச்சு சாய்ச்சு கேக்கும். நம்ம காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், எலி பயந்தா 22 கிட்ட கத்தும், நாய்க்கு அது நல்லாவே கேக்கும். அந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூம்.

முதல் பெருச்சாளிய புடிச்சப்போ நான் பக்கத்துல நின்னேன். தோப்புல வேலை பாக்குற அண்ணன் மட்டைய ஒண்ணொண்ணா தூக்கிட்டு இருந்தாரு, கடைசி மட்டைக்கு அடியில இருந்து வெளிய பாஞ்ச அடுத்த நொடி கழுத்துல புடிச்சு ரெண்டு உதறு, அவ்வளவுதான், கீழ போட்டுட்டு திரும்பிக்கூட பாக்காம அடுத்த மட்டைக்கு போயிருச்சு. "என்னங்க இது, திங்கவே இல்லீங்களே"ன்னு அண்ணன் கேட்டாரு. பஞ்சு பொம்மைய வாயில வெச்சு உதறுதே, அதுவும் இதே உதறல்தான், எலியோட கழுத்த முறிக்கிறது.

டாஷ்ஹண்டுக்கும் இந்த வெறி குறைச்சலே இல்ல, மோப்பத்துல இத விட ஒரு படி மேலன்னே சொல்வேன். ஆனா எனக்கு முடிவ பண்ணி குடுத்தது முதுகு. அந்த குட்டை காலக் குடுக்குற மரபணு சமாச்சாரமே முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க்க சின்ன வயசுலயே காயவெச்சு சுண்ணாம்பு மாதிரி இறுக்கிடுது, ஒரு தப்பான குதி போதும், அது பிதுங்கி நரம்ப அழுத்திரும். டாஷ்ஹண்ட்ல நாலஞ்சுக்கு ஒண்ணு வாழ்நாள்ல எப்பவாவது இதுல மாட்டுதுன்னு சொல்றாங்க. எங்க அம்மா வீட்டு நாய் ஆறு வயசுல திவான் மேல இருந்து பல்லிய பாத்து தாவுச்சு, அப்ப ஒண்ணும் தெரியல, மறுநாள் காலைல பின்னங்கால் ரெண்டையும் தரையில இழுத்துக்கிட்டே சமையலறைக்கு வந்துச்சு, வாலயும் ஆட்ட முடியல. அம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. ஆறு வாரம் கூண்டுக்குள்ளயே வெச்சிருந்தோம், ஒண்ணுக்கு போகக்கூட தூக்கிட்டுதான் போகணும். நடந்துச்சு, ஆனா பழைய நடை வரல. அதுக்கப்புறமும் எலி சத்தம் கேட்டா தாவத்தான் பாத்துச்சு, அத தடுக்கிறதுதான் எங்களுக்கு மிச்ச ஆறு வருஷ வேலை. மனசு ஓடு ஓடுன்னு சொல்லுது, முதுகு தாங்காதுங்கிறது அதுக்கு தெரியாது. வேட்டைக்குன்னே வளக்குற வீட்டுக்கு நான் அத சொல்ல மாட்டேன். படி இல்லாத வீடு, கட்டிலுக்கு சாய்வுப் பலகை, எடை கூடாம பாத்துக்கிற ஆளுங்க இருந்தா டாஷ்ஹண்ட் மாதிரி பாசமான நாய் கிடையாது.

ஜாக் ரஸ்ஸல்லயும் கால் வளைஞ்சு ரொம்ப குட்டையா சில குட்டி வரும், அத விட்டுட்டு கால் நேரா இருக்கிறதா பாத்து எடுங்க. முழங்கால் சில்லு நழுவுறது இதுக்கு உண்டு, நடுவுல மூணு கால்ல ஒரு துள்ளு துள்ளிட்டு ஓடினா அழகுன்னு விட்டுடாம டாக்டர் கிட்ட காட்டணும். எங்களுதுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல, வயசானா எப்படின்னு இனிமேதான் பாக்கணும். எலி புடிக்கிற நாய்க்கு லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருஷா வருஷம் தவறவே கூடாது, எலி மூத்திரத்துல இருந்து வந்து கிட்னி கல்லீரல் ரெண்டையும் பாழாக்கும், நமக்கும் தொத்தும். பக்கத்து தோட்டத்துல எலி விஷம் வெக்கிறாங்களான்னும் கேட்டு வெச்சுக்கணும், விஷம் தின்ன எலிய கடிச்சா நாய்க்கும் ஆபத்து.

எனக்கு இன்னமும் பயம் இருக்குறது பாம்புக்குத்தான். கண்ணாடி விரியன இங்கிலீஷ்ல ரஸ்ஸல் வைப்பர்னு சொல்றது வேற ரஸ்ஸல், பேட்ரிக் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர், ஆனா எங்க தோப்புல ரெண்டு ரஸ்ஸலும் இருக்கு. இது பின்வாங்குற ஜாதி இல்ல, போன மழைக்கு ஒரு சாரைய முத்தத்துக்கே இழுத்துட்டு வந்துருச்சு. அன்னைக்கே வரப்புப் புல்ல வெட்டி மட்டை குவியல வீட்ட விட்டு தள்ளி மாத்தினோம், எந்த ஆஸ்பத்திரில நாய்க்கு விஷமுறிவு ஊசி போடுவாங்கன்னு விசாரிச்சு நம்பர சுவத்துல ஒட்டிட்டோம், ஆறு மணிக்கு மேல கயிறு இல்லாம வெளிய விடறதில்ல.